கிறிஸ்துமஸ் பார்க்கக் கிளம்பும் மருமகனுக்கு

மருமகனே, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, மார்கழிச் சனி ஞாயிறில் தூத்துக்குடி, பாளையங்கோட்டை என்று கிறிஸ்துமஸ் கடைவீதி பார்க்கக் கிளம்புகிறாயாம். "அண்ணே, பயலுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்றாள் உன் அம்மா. ஒரு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே எண் போட்டு எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் படித்துக்கொள்.

1. கார் வேண்டாம், பஸ்ஸில் போ. காரில் ஒருவன் ஓட்டுவான், மற்றவர்கள் தூங்குவார்கள். போகும்போது கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போய், திரும்பும்போது பாளையங்கோட்டை, நெல்லை வழியாக ஊர் வந்து சேர். கழுகுமலையில் கட்டாயம் இறங்கு. மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாண்டியர் காலத்துச் சிற்பிகள் செய்த வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டிலிருந்து முடிக்கப்படாமலே நிற்கிறது. நம் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சிங்கப்பூர் பார்த்துவிட்டு வந்தவர்கள் சிலர் அதை இன்னும் பார்க்கவில்லை. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கிக்கொள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. நாலு பாக்கெட்டைப் பிரிக்காமல் பையின் அடியில் வை. ஏன் என்று எட்டாவதில் சொல்கிறேன்.

2. செல்போனில் நீ பார்த்து வைத்திருக்கும் கிறிஸ்துமஸ் சந்தையை இங்கே தேடாதே. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துச் சந்தை 1434-இல் தொடங்கியது. மரக் கடைகள், பனி, சர்க்கரைப் பொடி தூவிய ரொட்டி எல்லாம் அந்த ஊர் குளிருக்குப் பிறந்தவை. நம் பக்கத்துச் சந்தைக்கு வேலியும் கிடையாது, வாசலும் கிடையாது. ஃபேன்சி ஸ்டோர் முகப்பில் தொங்கும் காகித நட்சத்திரம், நடைபாதையில் சாக்கு விரித்துப் பரப்பிய குடில் பொம்மைகள், ராத்திரி வரை கூட்டம் குறையாத ஜவுளிக்கடை, பேக்கரிக் கண்ணாடிக்குள் அடுக்கிய கேக் என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். நடந்தால்தான் கிடைக்கும்.

பனி வேண்டுமென்றால் அதுவும் தூத்துக்குடியில் உண்டு, பெயரில். பனிமய மாதா கோயிலுக்குப் போ. ரோமாபுரியில் ஒரு கோடைக்கால ஆகஸ்டில் பனி பெய்ததாகச் சொல்லும் கதையிலிருந்து வந்த பெயர் அது. 1713-இல் கட்டிய கோயில், 1982-இல் பசிலிக்கா ஆனது. உப்பளக் காற்றில் வேர்த்துக்கொண்டே பனிமாதாவைக் கும்பிடும் ஊர். அதைவிட நல்ல சந்தைக் காட்சி எந்த நாட்டிலும் இல்லை என்பது என் கட்சி.

3. மக்ரூனை அவசரமாகத் தின்னாதே. முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு, மூன்றே சரக்கு. அடித்து நுரையாக்கி, சின்னக் கூம்பு கூம்பாக வைத்து, இளஞ்சூட்டில் மணிக்கணக்காக விட்டுவைப்பார்கள். சூடு கூடினால் நிறம் போய்விடும், குறைந்தால் உள்ளே ஈரம் நிற்கும். முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியே வந்த பண்டம் என்று சொல்வார்கள். அவர்கள் ஊரில் பாதாம், இங்கே முந்திரி. அந்த முந்திரியையும் பிரேசிலிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே. நாங்கள் இப்படிக் கிளம்பிய காலத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவன் கடை கடையாக ஏறி "சாம்பிள் குடுங்க" என்று வாங்கித் தின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் இறங்குவான். கடைக்காரர்கள் ஒன்றும் சொன்னதில்லை. பின்னால் நின்ற எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது. ருசி பார்த்தால் நூறு கிராமாவது வாங்கு. ஊருக்குக் கொண்டுவருவதைக் கடைசியாக வாங்கிக் காற்றுப் புகாமல் மூடு. மழைக்காற்றுப் பட்டால் மக்ரூன் நமுத்துப்போகும்.

4. இது முக்கியம், பொறுமையாகப் படி. மார்கழியில் நம் பக்கத்து ஐந்து இளவட்டங்கள் சேர்ந்தால் அதில் ஒருவன் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பான். உன் கூட்டத்திலும் இருக்கிறானாமே. அவனை விட்டுவிட்டுப் போகலாமா என்று நீங்கள் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். கூட்டிக்கொண்டு போ. கேக்கிலும் மக்ரூனிலும் முட்டை இருக்கிறது, பரோட்டாவுக்குச் சால்னா வரும், ஆகவே அவனுக்கு ஒன்றுமில்லை என்று நீயே முடிவு கட்டாதே. கடலை மிட்டாய் இருக்கிறது. மஸ்கோத் அல்வா இருக்கிறது, தேங்காய்ப் பாலில் கிண்டுவது. அதற்குப் பெயர்போன முதலூர், 1799-இல் நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட முதல் ஊர். சாமிக்குக் குளிக்க வசதியான விடுதியாகப் பார். காலையில் அவன் பூஜை முடியும் வரை மற்றவர்கள் டீக்கடையில் காத்திருங்கள். அவன் எதிரே வேண்டுமென்றே கோழிக்காலைக் கடித்துக் காட்டுகிற வேடிக்கையை யாராவது தொடங்கினால், நீ சிரிக்காதே. சிரிக்க ஆளில்லாத வேடிக்கை தானாக நின்றுவிடும்.

ஒன்று கவனித்திருக்கிறேன். கிறிஸ்தவ வீடுகளில் மாலை போட்ட பிள்ளைக்குத் தனி மரியாதை உண்டு. "சாமிக்குப் பழமும் பாலும் குடு" என்று அந்த வீட்டுப் பாட்டி உள்ளே குரல் கொடுப்பாள். விரதம் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியும். தங்கள் தவக்காலத்தில் அவர்களும் கறியை விட்டவர்கள்.

5. ராத்திரி பரோட்டாக் கடையைத் தூத்துக்குடியில் 'நைட் கிளப்' என்பார்கள். வீட்டுக்குப் போன் செய்து "நைட் கிளப்பில் இருக்கிறோம்" என்று மொட்டையாகச் சொல்லிவைக்காதே, உன் அம்மா அன்று தூங்கமாட்டாள். இலையைப் போட்டதும் "எங்க ஊர்ப் பிரியாணி முன்னால இதெல்லாம் எம்மாத்திரம்" என்று ஆரம்பிக்காதே. சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பேர் உண்டு, அதைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், எல்லாம் சரி. ஆனால் அடுத்தவன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நம் அடுப்பைப் புகழ்ந்தால் அவன் கை அடுத்த பரோட்டாவை எப்படிப் போடும்?

6. பணத்தைப் பற்றி. ஒருவன் கையில் பொதுப்பணம் கொடுத்துவிடுங்கள், செலவு முடிந்ததும் அங்கேயே கணக்குப் பாருங்கள். இது எல்லாரும் சொல்வது. நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் கூட்டத்தில் ஒருவன் விசைத்தறி ஓட்டுகிறான். உனக்குச் சனிக்கிழமை லீவு, சம்பளம் வரும். அவனுக்கு லீவு என்றால் கூலியும் லீவு. எங்கள் காலத்தில் கையில் காசு இருந்த ஒருவன் பெரிய ஹோட்டலைக் காட்டினான், எல்லாரும் ஏறினோம். ஒருவன் மட்டும் "வயித்துக்குச் சரியில்ல" என்று வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றான். வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று பஸ் ஏறின பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை உங்களில் குறைவாகச் சம்பாதிக்கிறவனுக்குக் கொடு. அதை அவனிடம் சொல்லாமல் செய்.

7. நட்சத்திரம் விற்கிற நடைபாதைக்காரரிடம் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டாதே. அவருடைய வியாபாரம் இருபத்துநாலாம் தேதி ராத்திரியோடு சரி. இருபத்தைந்து விடிந்துவிட்டால் நட்சத்திரத்துக்கு விலை கிடையாது. மிச்சத்தை அடுத்த வருஷம் வரை கசங்காமல் காப்பாற்ற வேண்டும். இடையில் ஒரு மழை பெய்தால் காகிதம் போச்சு. நம் ஊர்ப் பூ மார்க்கெட்டில் சாயங்காலம் மிஞ்சின பூவைப் பார்த்தவன் நீ, உனக்கு விளக்க வேண்டியதில்லை.

8. ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் உன்னோடு படித்தவன் வீட்டுக்குப் போவாய் அல்லவா, அதுதான் இந்தப் பயணத்தின் நடு. கடைவீதியில் பண்டம் கிடைக்கும், பண்டிகை வீட்டுக்குள் இருக்கிறது. பையின் அடியில் வைக்கச் சொன்ன கடலை மிட்டாய் அந்த வீட்டுக்கு. வெறுங்கையோடு படியேறாதே. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் என்று தட்டு வரும். போதும் என்று முதல் தடவை சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. சமையலறையில் எத்தனை நாளாய் மாவு இடித்தார்கள், யார் யார் கூடிச் சுட்டார்கள் என்று கேள். பலகாரம் சுட்டவர்களுக்கு அந்தக் கேள்விதான் கூலி. அந்தத் தெருவில் தீபாவளிக்கு ஒரு தட்டு போகும், கிறிஸ்துமஸுக்கு ஒரு தட்டு வரும். எந்தத் தட்டையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அப்படியே முருகன்குறிச்சிப் பக்கம் நடந்து போய் ஊசிக்கோபுரத்தைப் பார். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-இல் எழுந்த கோயில். அதற்கும் முந்தியது 1785-இல் குளோரிந்தா அம்மையார் கட்டிய சின்னக் கோயில். மராத்தி பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த விதவை அவர். ஊரார் இன்றைக்கும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். உள்ளே ஆராதனை நடந்தால் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார். கும்பிடுகிறவர்கள் முகத்துக்கு நேராகப் போனை நீட்டாதே. முன்னிரவில் தெருவில் கேரல் ரவுண்ட்ஸ் வந்தால் அந்த வீட்டுக்காரர்களோடு வாசலில் நில். கிறிஸ்துமஸ் தாத்தா உன் கையிலும் ஒரு மிட்டாய் கொடுப்பார். வாங்கிக்கொள், வயசாகிவிட்டது என்று கையை இழுக்காதே.

9. மழையை மதி. மார்கழி என்றால் குளிர் என்று நினைப்போம், தாமிரபரணிக் கரைக்கு அது வெள்ளமாகவும் இருந்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. உள்ளே நூற்றுக்கணக்கான ஜனங்கள். சுற்றிலும் தண்ணீர். பக்கத்து ஊரான புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீடே நனைந்து கிடந்த நிலையில் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ், தூத்துக்குடித் தெருவில் தண்ணீர் வடிந்தும் வடியாமலும் வந்தது. எந்த ஊர்ச் சாப்பாட்டை நீ பட்டியல் போட்டாலும் அந்த ரயிலடிச் சோற்றையும் அதில் எழுதிக்கொள்.

ஆகவே கிளம்புமுன் வானிலை அறிக்கையைப் பார். கனமழை என்றால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளு. அட்வான்ஸ் போச்சே என்று எவனாவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். வெள்ளத்தில் பொருளை இழந்தவர்களிடம் கதை கேட்கிற ஆசையில் தோண்டாதே. அவர்களாகச் சொன்னால் கேள்.

10. திரும்பும் வழியில் நெல்லை டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை என்ற அல்வாக் கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள், வரிசை நீளமாக இருக்கும். தெரிந்தவர் யாராவது முன்னால் நின்றால் அவரிடம் காசைக் கொடுத்து வாங்கிவிடும் சாமர்த்தியம் வேண்டாம். உனக்குப் பின்னால் நிற்கிற கிழவர் எந்த ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமோ. அல்வாவைச் சூட்டோடு இலையில் வாங்கி நின்றபடியே தின்னு. வீட்டுக்கு அரைக் கிலோ போதும். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, வாங்கிக்கொண்டு வந்து அவர் கண்ணில் படுகிற மாதிரி வைக்காதே.

சங்கரன்கோவிலுக்கு ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நெல்லையில் இறங்கியதுமே பஸ் ஸ்டாண்டில் கேட்டு வைத்துக்கொள். செல்போன் சொல்கிற நேரத்தை நம்பாதே, டைம் கீப்பரைக் கேள். ஏறி உட்கார்ந்ததும் அம்மாவுக்கு ஒரு போன் போடு. எத்தனை மணியானாலும் அவள் விழித்துத்தான் இருப்பாள்.