சின்னப் பொட்டலம்

மும்பை தாராவி. காலை 5 மணி. பக்கத்து வீட்டு அக்கா இட்லி அவித்துக் கொண்டிருந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

“என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒன்றும் இல்லை தம்பி. மகன்தான் மூன்று நாளாகத் தூங்கவில்லை. சாப்பிடவில்லை. கதவைத் தட்டினால் நடுங்குகிறான். சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே வெள்ளைத் தூள். கேட்டால், ‘இது எம்.டி. கஞ்சா இல்லை. இதற்குச் சட்டம் கிடையாது’ என்கிறான்.”

“அது பழைய கதை அக்கா. கேளுங்கள்” என்றேன்.

எம்.டி. என்றால் என்ன?

அதன் பெயர் மெபெட்ரோன். ‘மியாவ் மியாவ்’ என்றும் சொல்வார்கள். இது செடியில் விளைவது அல்ல. ரசாயனங்களைக் கலந்து செய்வது.

முதலில் சுறுசுறுப்பு வரும். இதயம் வேகமாகத் துடிக்கும். ரத்த அழுத்தம் ஏறும். தூக்கமும் பசியும் போகும். பிறகு சோர்வு, பயம், சந்தேகம் வரும். மனம் மீண்டும் அதையே கேட்கும். உயிரும் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. 2015 பிப்ரவரியில் மெபெட்ரோனும் அதில் சேர்க்கப்பட்டது. இதை வைத்திருப்பது குற்றம். விற்பது குற்றம். உட்கொள்வதும் குற்றம். பிறருக்காகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் குற்றம்.

வைத்திருந்தால் தண்டனை இது:

2 கிராம் வரை: ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2 கிராமுக்கு மேல், 50 கிராம் வரை: 10 ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு.

50 கிராமுக்கு மேல்: 10 முதல் 20 ஆண்டு சிறை. அபராதம் 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய்.

அக்கா பயந்துவிட்டார். “ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பார்களா?”

“இல்லை அக்கா. பழக்கத்துக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெறலாம். அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அரசு ஏற்ற மையத்துக்கும் போகலாம். உட்கொண்டதற்காக அவர் மேல் வழக்கு வராது. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது. விற்பவருக்கு இந்தச் சலுகை இல்லை.”

ஆலோசனைக்கு 14446. கட்டணம் இல்லை. நெஞ்சுவலி, வலிப்பு வந்தால் உடனே 108.

அக்கா அந்த எண்களைத் தாமே சுவரில் எழுதினார். அன்று இட்லி விற்கப் போகவில்லை. மகனை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.

பதில் சொல்லுங்கள்

1. மெபெட்ரோன் எந்த ஆண்டு சட்டத்தில் சேர்ந்தது?
2. “இந்தப் பொட்டலத்தை அங்கே கொடு” என்று ஒருவர் தந்தால் என்ன செய்வீர்கள்?
3. உதவி எண்ணை எழுதுங்கள்.