பழைய ராஸ்பெர்ரி பை போர்டில் லினக்ஸ் ஏற்றப் பயனுள்ள குறிப்புகள்

2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த முதல் ராஸ்பெர்ரி பை இன்னும் பல வீடுகளில் ஏதோ ஒரு டப்பாவில் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மெமரி கார்டும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் அது மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

1. கையில் இருப்பது எந்த மாடல் என்று முதலில் பாருங்கள். மஞ்சள் நிற வீடியோ துளை, இரண்டு யூஎஸ்பி, பெரிய எஸ்டி கார்டு செருகும் இடம் மூன்றும் இருந்தால் அது முதல் மாடல் பி. நான்கு யூஎஸ்பி இருந்தால் 2014-இல் வந்த பி பிளஸ் ஆக இருக்கலாம். 2015-இல் வந்த பை 2 ஆகவும் இருக்கலாம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்தால்தான் தெரியும்.

2. பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். மாடல் பி, பி பிளஸ், பை ஜீரோ மூன்றிலும் இருப்பது ஏஆர்எம்வி6 வகைச் சிப். உபுண்டு அதில் ஓடாது. டெபியனின் வழக்கமான ஏஆர்எம்எச்எஃப் பதிப்பும் ஓடாது, அது ஏஆர்எம்வி7-ஐ எதிர்பார்க்கிறது. இந்தச் சிப்புக்காகவே 2012-இல் ஆர்வலர்கள் டெபியன் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்து ராஸ்பியனை உருவாக்கினார்கள். நமக்கு வேண்டியது அதன் வழி வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ், 32 பிட், லைட் பதிப்பு. வேறு எதையோ ஏற்றிவிட்டு, திரை கறுப்பாகவே இருப்பதைப் பார்த்து, போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பாவம், அது நன்றாகத்தான் இருக்கும்.

3. டெஸ்க்டாப் பதிப்பு வேண்டாம். மாடல் பி, பி பிளஸ் இரண்டின் 700 மெகாஹெர்ட்ஸ் சிப்பும் 256 அல்லது 512 எம்பி நினைவகமும் அதைத் தாங்காது.

4. லைட் பதிப்புக்கு 8 ஜிபி கார்டு போதும். முதல் மாடல் பி-க்கு மைக்ரோ எஸ்டி கார்டுதான் இருக்கிறது என்றால் அடாப்டரில் வைத்துப் போடலாம்.

5. கார்டில் எழுத ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளே எளிது. பயனர் பெயர், கடவுச்சொல், வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் மூன்றையும் எழுதும் முன்பே அதில் கொடுத்துவிடுங்கள். பை என்ற பெயரோடு தயாராக வந்த பழைய கணக்கை 2022-இல் நீக்கிவிட்டார்கள். எழுதி முடித்த கார்டை விண்டோஸில் செருகினால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். லினக்ஸ் இருக்கும் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

6. சார்ஜரிலும் ஒயரிலும் கஞ்சத்தனம் கூடாது. 5 வோல்ட், 1 ஆம்பியருக்குக் குறையாத சார்ஜர் வேண்டும். மெல்லிய, நீண்ட ஒயரில் வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும். போர்டு திடீர் திடீரென்று நிற்கும், நாம் மென்பொருளைக் குறை சொல்வோம். பி பிளஸ்ஸிலும் பை 2-இலும் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். முதல் மாடல் பி-யில் இந்த எச்சரிக்கை கிடையாது. அதற்கு நல்ல ஒயராகவே போட்டுவிடுங்கள்.

7. டிவி ஒயரைச் செருகிய பிறகே மின்சாரம் கொடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்து, பச்சை விளக்கு மினுக்கவே இல்லை என்றால் கார்டைப் படிக்க முடியவில்லை. எடுத்துத் துடைத்துச் செருகுங்கள், அல்லது மறுபடி எழுதுங்கள்.

8. இந்த போர்டுகளில் வைஃபை இல்லை. மாடல் பி, பி பிளஸ், பை 2 என்றால் ரவுட்டரிலிருந்து நெட்வொர்க் ஒயரையே இழுத்துவிடுங்கள். பாட்டரி வைத்த கடிகாரமும் உள்ளே இல்லாததால், இணையம் இல்லாமல் எழுந்தால் தேதி பின்தங்கி நிற்கும். மென்பொருள் இறக்கும்போது "இன்னும் செல்லாது" என்ற பிழை வரும். தேதியைச் சரி செய்தால் தீர்ந்தது.

9. முதல் அப்டேட் வெகுநேரம் எடுக்கும். இரவு தூங்கப் போகும்போது ஓட விடுங்கள், நடுவில் பிடுங்காதீர்கள்.

10. நிறுத்த வேண்டும் என்றால் ஷட் டவுன் கட்டளை கொடுத்து, பச்சை விளக்கு மினுக்கி ஓய்ந்த பிறகே பிளக்கை எடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் உள்ளது கெட்டுப்போகும். அடிக்கடி மின்தடை வரும் வீடு என்றால் இன்வெர்ட்டர் இருக்கும் பிளக்கில் வையுங்கள்.

11. வேலை கொடுக்கும்போது அளவறிந்து கொடுங்கள். இணையம் பார்க்க இது ஆகாது. விளம்பரங்களைத் தடுக்கும் பை ஹோல், பழைய யூஎஸ்பி பிரிண்டரை வீடு முழுவதற்கும் பொதுவாக்கும் கப்ஸ், இரண்டையும் 512 எம்பி போர்டு தாங்கும். 256 எம்பி என்றால் ஒன்றை மட்டும் வையுங்கள்.