12,000 லூமென் என்று போட்டிருந்தால் நம்பலாமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்: புரொஜெக்டர்

ஆன்லைன் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கையடக்க புரொஜெக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘12,000 லூமென்’, ‘4கே சப்போர்ட்’, ‘200 இன்ச் திரை’ என்று மூன்று வாசகங்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். பிள்ளைகள் படம் பார்க்கலாம், டியூஷனுக்கும் ஆகும், தெருப் பொங்கல் விழாவுக்கும் உதவும் என்று வாங்கிவிடுகிறோம். மாலை ஐந்து மணிக்கு ஹாலில் வைத்துப் போட்டால் சுவரில் ஏதோ நிழலாடுகிறது. முகம் எது, முடி எது என்று தெரிவதில்லை. வாங்கியவர் மேல் தப்பில்லை. இந்தக் கருவியைப் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகள் அப்படி. அவற்றால் வீட்டில் பணம் போகிறது. பள்ளிகளில் அதைவிடப் பெரிய நஷ்டம்: கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்குப் பாடமே போய்விடுகிறது.

“லூமென் எண் பெரிதாக இருந்தால் படம் பளிச்சென்று இருக்கும்”

எந்த லூமென் என்று கேட்க வேண்டும். திரையில் வந்து விழும் வெளிச்சத்தை அளக்க முறையான வழி உண்டு. முழு வெள்ளைப் படத்தைத் திரையில் போட்டு, அதை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மீட்டர் வைத்து அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்குவார்கள். ‘ஆன்சி லூமென்’ என்பது இப்படி வருவது. ‘ஐஎஸ்ஓ 21118’ என்று போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே முறைதான். வெறும் ‘லூமென்’ என்றோ ‘எல்இடி லூமென்’ என்றோ போட்டிருந்தால், உள்ளே இருக்கும் விளக்கின் வெளிச்சத்தைச் சொல்கிறார்களா, கற்பனையாக ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார்களா என்று யாரும் சொல்ல முடியாது.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். கருவியின் அடியிலோ அடாப்டரிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் அளவைப் பாருங்கள். 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் தரும். 60 வாட்டும் விளக்குக்கே போனாலும் 9,000-ஐத் தாண்டாது. மலிவு புரொஜெக்டர்கள் பெரும்பாலும் ஒற்றை எல்சிடி பேனல் கொண்டவை. அந்தப் பேனலில் இருக்கும் போலரைசர் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். மிச்சத்தில் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே வெளியே விடும். ஆறில் ஒரு பங்குதான் தேறியது. 60 வாட்டும் விளக்குக்கே போவதும் இல்லை; லென்ஸிலும் இன்னும் கொஞ்சம் போகும். கடைசியில் சுவருக்கு வந்து சேர்வது சில நூறு லூமென்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இருக்கும் 3,000 லூமென் புரொஜெக்டருக்குள் சுமார் 200 வாட் லேம்ப் எரிகிறது. உண்மையான 12,000 லூமென் வேண்டுமானால் தியேட்டரில் ஆபரேட்டர் அறையில் நிற்கும் இயந்திரத்தைத்தான் தேட வேண்டும். அது அடாப்டரில் ஓடாது.

“திரை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது”

நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். கரண்டியில் இருக்கும் மாவு ஒன்றுதான். தோசையை அகலமாக இழுத்தால் மெல்லிசாகத்தான் ஆகும். 100 இன்ச் படம் என்றால் அகலம் ஏழேகால் அடி, பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். அதில் 3,000 லூமென் விழுந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,090, அதாவது 1,090 லக்ஸ். அதே புரொஜெக்டரைப் பின்னால் நகர்த்தி 200 இன்ச் ஆக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது. வெளிச்சம் 270 லக்ஸுக்கு இறங்கிவிடுகிறது.

இப்போது வகுப்பறையில் டியூப்லைட் எரிகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, அந்த வெளிச்சம் திரையில் 100 லக்ஸ் விழுகிறது என்று கொள்ளுங்கள். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. படத்தில் கறுப்பு இருக்கும் இடத்தில் அது வெளிச்சம் போடாமல் விடுகிறது, அவ்வளவுதான். அங்கே நாம் பார்ப்பது அறை வெளிச்சத்தில் தெரியும் திரையை. ஆகவே 200 இன்ச் படத்தில் வெள்ளை 370, கறுப்பு 100; நாலுக்கு ஒன்று என்ற வித்தியாசம்கூட இல்லை. 100 இன்ச் படத்தில் வெள்ளை 1,190, கறுப்பு 100, பன்னிரண்டுக்கு ஒன்று. எழுத்து தெளிவாகப் படிக்க வரும். 200 இன்ச்சே வேண்டுமென்றால் திரைப்பக்கத்து விளக்குகளை அணைத்து, ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போட்டு, 100 லக்ஸை 5 லக்ஸாக இறக்கிப் பாருங்கள். வித்தியாசம் ஐம்பதுக்கு ஒன்றைத் தாண்டிவிடும். புரொஜெக்டர் அதேதான். மாறியது அறை.

பல பள்ளிகளில் விளக்குகள் அத்தனையும் ஒரே சுவிட்சில் இருக்கின்றன. அணைத்தால் பிள்ளைகள் நோட்டில் எழுத முடியாது, போட்டால் திரை தெரியாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் இருக்கும் டியூப்லைட்டுக்குத் தனி சுவிட்ச் வைக்கச் சொன்னால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

“படம் கோணலாக விழுந்தால் ரிமோட்டில் சரி செய்துகொள்ளலாம்”

செய்யலாம், அதற்கு விலை உண்டு. தாழ்வான மேசையில் புரொஜெக்டரை வைத்து முன்காலைத் தூக்கிவிட்டால் படம் மேலே அகன்றும் கீழே குறுகியும் விழுகிறது. உடனே கீஸ்டோன் பட்டனை அழுத்துகிறோம். கருவி என்ன செய்கிறது என்றால், அகன்ற பக்கத்தில் இருக்கும் புள்ளிகளில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டு, மிச்சத்துக்குள் படத்தைச் சுருக்கித் திணிக்கிறது. கூர்மையும் போகும், வெளிச்சமும் போகும். அறையை இருட்டாக்கி உற்றுப் பார்த்தால், நேராக்கிய படத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பழைய கோணல் சட்டம் மங்கலாகத் தெரியும். பயன்படாத புள்ளிகளிலிருந்து கசியும் வெளிச்சம் அது. எக்செல் கட்டங்களைப் போட்டால் கோடுகள் படிக்கட்டு மாதிரி உடைந்திருக்கும்.

சரியான வழி சுலபம். பெரும்பாலான புரொஜெக்டர்கள், மட்டமாக வைத்தாலே படத்தின் கீழ்விளிம்பு லென்ஸ் உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ விழும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆகவே மூக்கைத் தூக்காதீர்கள். ஸ்டூல் போட்டு மொத்தக் கருவியையும் தூக்குங்கள். சீலிங்கில் மாட்டும்போது தலைகீழாக மாட்டி, மெனுவில் ‘சீலிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் நிமிர்ந்து விழும். லென்ஸ் திரையின் மேல்விளிம்புக்கு நேராகவோ அதற்குச் சற்று மேலோ வர வேண்டும். லென்ஸ் ஷிஃப்ட் வசதியுள்ள மாடல் என்றால் லென்ஸே நகர்ந்து படத்தைத் தள்ளிவைக்கும். அதில் கூர்மை போகாது. கொஞ்சம் விலை கூடினாலும் கல்யாண மண்டபம், ஆடிட்டோரியம் போன்ற இடங்களுக்கு அது தகும்.

எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதை மாட்டுவதற்கு முன்பே கணக்குப் போட முடியும். மேனுவலில் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் இருக்கும். 1.5 என்றால் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் ஒன்றரை அடி தூரம். எட்டடி அகலத் திரைக்குப் பன்னிரண்டு அடி. இதைப் பார்க்காமல் முதலில் சீலிங்கில் துளை போட்டுவிட்டு, பிறகு படம் திரையை விட்டு வெளியே வழிகிறதே என்று தவிக்கும் இடங்கள் ஏராளம்.

“4கே என்று போட்டிருக்கிறதே!”

‘சப்போர்ட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம். காட்டுவது எத்தனை புள்ளிகள் என்பதை ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற வரிதான் சொல்லும். அது 1280×720 என்றால், 4கே படத்தின் ஒன்பது புள்ளிகள் ஒரு புள்ளியாகச் சுருங்கி வருகின்றன. பள்ளிகளில் இன்னும் 1024×768 புரொஜெக்டர்கள் ஓடுகின்றன. அவற்றில் லேப்டாப்பின் ரெசல்யூஷனையும் அதே அளவுக்கு வைத்துவிட்டால், மங்கலாக இருந்த எழுத்து அப்போதே தெளிந்துவிடும்.

“இடைவேளையில் அணைத்து வைத்தால் லேம்ப் ஆயுள் கூடும்”

லேம்ப் புரொஜெக்டருக்கு இது நேர்மாறு. உள்ளே இருப்பது பாதரச ஆவி விளக்கு. எரியும்போது அதற்குள் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் 200 மடங்கு வரை போகும். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் அதன் மின்முனைகள் தேய்கின்றன. பத்து நிமிட இடைவேளைக்கு அணைத்துப் போடுவதைவிட, ரிமோட்டில் ‘ஏவி மியூட்’ அல்லது ‘பிளாங்க்’ அழுத்தித் திரையை மட்டும் கறுப்பாக்குவது நல்லது. அணைத்த சூட்டோடு மறுபடி போட்டால் பற்றாது. ஆறவிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் நேரே பிளக்கைப் பிடுங்குவது அதைவிடக் கெடுதல். ரிமோட்டில் அணைத்த பிறகும் ஃபேன் ஓரிரு நிமிடம் ஓடுவது லேம்பைக் குளிர்விக்கத்தான். ஃபேன் நின்றால் அத்தனை சூடும் உள்ளேயே அடைபடும். நேரடியாக கரண்டை நிறுத்தினாலும் தாங்கும்படி வடிவமைத்த மாடல்களும் உண்டு. உங்களுடையது அந்த ரகமா என்பது மேனுவலில் இருக்கும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் 600 விஏ-வுக்குக் குறையாத யூபிஎஸ் ஒன்று வையுங்கள். ஒழுங்காக அணைத்து ஆறவைக்கும் நேரம் கிடைக்கும். லேசர், எல்இடி புரொஜெக்டர்களில் இந்தப் பற்றவைக்கும் சிக்கலே இல்லை.

இன்னொன்று. ‘5,000 மணி நேர ஆயுள்’ என்றால் அதுவரை புதிது போலவே எரியும் என்று பொருளில்லை. வெளிச்சம் பாதியாகும் காலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். லேசருக்குச் சொல்லும் 20,000 மணி நேரமும் இதே கணக்குத்தான்.

“தானாக அணைகிறது என்றால் லேம்ப் போய்விட்டது”

லேம்ப் வாங்க ஓடும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் வகுப்பறைகளில் சாக்பீஸ் தூள் இருக்கிறது, மண்டபங்களில் ஹோமப் புகையும் சாம்பிராணிப் புகையும் இருக்கின்றன. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று போகாது, சூடு ஏறும், கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அப்போது ‘டெம்ப்’ என்ற சிறு விளக்கு எரியும் அல்லது கண்சிமிட்டும். ஃபில்டரை வேக்வம் கிளீனரால் மெதுவாக உறிஞ்சுங்கள். கழுவலாமா என்பதை மேனுவலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சூடான கருவிக்குள் ஸ்ப்ரே டப்பா எதையும் அடிக்காதீர்கள். அவற்றில் சில தீப்பற்றும் வாயுவை அடைத்தவை.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல். காற்று அடர்த்தி குறைவதால் ஊர் எவ்வளவு குளிர்ந்தாலும் அதே ஃபேன் வேகத்தில் லேம்ப் ஆறாது. மெனுவில் ‘ஹை ஆல்டிடியூட்’ என்பதை ஆன் செய்தால் ஃபேன் வேகமாகச் சுழலும். சத்தம் கூடும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

“வெள்ளையாக எது இருந்தாலும் திரைதான்”

பாதி உண்மை. மேட் ஃபினிஷ் வெள்ளை எமல்ஷன் அடித்த, மேடுபள்ளமில்லாத சுவர் நல்ல திரைதான். பளபளக்கும் எனாமல் வேண்டாம். ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிக் கட்டினாலும் அதே பளபளப்பால் நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு விழும். நீங்கள் நகர நகர அதுவும் நகரும். வேட்டி கட்டிப் படம் போடுவதானால் பின்னால் கறுப்புத் துணி ஒன்று சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் துணியைத் தாண்டி வந்து படத்தை மங்கலாக்கிவிடும்.

திரை இருக்கட்டும், சில சில்லறைத் தொல்லைகளையும் பார்த்துவிடுவோம். ‘நோ சிக்னல்’ வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி ‘டூப்ளிகேட்’ தேர்ந்தெடுங்கள். பிறகு ரிமோட்டில் ‘சோர்ஸ்’ சரியான எச்டிஎம்ஐ-யில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிடி ஆப்பில் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் காப்புரிமைப் பூட்டின் வேலை. தங்கமுலாம் பூசிய விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிளால் படம் கூடுதல் அழகாகிவிடாது. மண்டபம் போன்ற இடத்தில் 15 மீட்டருக்கு மேல் இழுப்பதானால் மட்டும் சாதாரணக் கேபிள் நம்பகமில்லை. ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். நிறம் பச்சையடித்தால் ‘டைனமிக்’ மோடை ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். எரியும் லென்ஸுக்குள் குழந்தைகள் எட்டிப் பார்க்காதபடி எப்போதும் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கும் விழாக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புது புரொஜெக்டர் வாங்கத் தீர்மானம் போடும் முன், இருப்பதை உங்கள் அறையிலேயே பகலில் ஓடவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் முதலில் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், படத்தைச் சிறிதாக்குங்கள், ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்குங்கள். அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால், புதிதாக வாங்குவதை ஆன்சி லூமென் பார்த்து வாங்குங்கள்.