உடைந்த கைப்பிடிக்காக இழைப்புளியை எடைக்குப் போடலாமா?

இம்மாதக் கைத்தொழில் பாடத்துக்கு ஒரு பழைய இரும்பு இழைப்புளியை எடுத்துக்கொண்டுள்ளோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், தச்சு வேலை செய்துவந்த மர்ஹூம் அத்தாவின் பெட்டியிலிருந்து அதைக் கொண்டுவந்தார். பின்னால் பிடித்துத் தள்ளும் கைப்பிடி இரண்டு துண்டாகியிருந்தது. முன்பக்கக் குமிழில் மேலிருந்து கீழ்வரை விரிசல். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டதாம். நாம் புரட்டிப் பார்த்தோம். வார்ப்பிரும்பு உடலில் ஒரு கீறல் இல்லை. அலகில் இன்னும் பல வருடம் தீட்டும் அளவுக்கு எஃகு இருந்தது. கெட்டது மரம் மட்டுமே. மரத்தை நாமே செய்துகொள்ளலாம்.

இவ்வகை இழைப்புளியின் அமைப்பு அமெரிக்காவின் லெனார்டு பெய்லி என்பவருடையது. அவருடைய காப்புரிமைகளை 1869இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கி, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் ஊரில் செய்து உலகமெங்கும் அனுப்பியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரிலிருந்து வந்த ரெக்கார்டு இழைப்புளியும் இதே அச்சுதான். பழைய ஸ்டான்லியின் கைப்பிடி பிரேசில் நாட்டு ஈட்டி மரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது கிடைக்காமல், வேறு கடின மரத்துக்குச் சாயம் பூசிப் போட்டார்கள். பிரேசில் ஈட்டி அழிந்துவருவதால் 1992 முதல் அதன் பன்னாட்டு வியாபாரத்துக்குத் தடை இருக்கிறது. நமக்கு அது தேவையும் இல்லை. உடைந்த பழைய ஈட்டிக் கட்டிலின் கால் ஒன்று கிடைத்தால் போதும். இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த பூவரசு, வாகை, தேக்கு எதுவும் ஆகும். பச்சை மரம் மட்டும் கூடாது.

ஏன் உடைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகச் செய்ததும் அதே இடத்தில் உடையும். கைப்பிடிக்குள் மேலிருந்து கீழாக ஒரு நீண்ட போல்ட் சாய்வாக இறங்கி அடித்தகட்டில் திருகப்பட்டிருக்கும். மேலே பித்தளை நட்டு. மரத்தின் நார் அடித்தகட்டுக்கு இணையாக, படுக்கைவாட்டில் ஓடும். அப்போதுதான் பின்பக்கம் நீண்டிருக்கும் கொம்பு ஒடியாது. ஆனால் நடுக் கழுத்தில் நார் குறுக்கே வருவதால் அங்கே பலம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டுவது, போல்ட் மரத்தை இறுக்கி அழுத்திப் பிடித்திருப்பதுதான். வருடங்கள் போகப் போக மரம் நாரின் குறுக்கே சுருங்குகிறது, உயரம் குறைகிறது. இரும்பு போல்ட் சுருங்குவதில்லை. போல்ட்டின் முனை நட்டுக்குள் முட்டி நின்றுவிடும். நட்டு இறுகிவிட்டது போலத் தோன்றும், கைப்பிடி மட்டும் ஆடும். ஆடுவதைத் தள்ளினால் கழுத்தில் முறியும். சகோதரர் கொண்டுவந்ததும் இப்படித்தான் முறிந்திருந்தது. ஆகவே போல்ட்டின் மேல்முனையை அரத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ராவிக் குறைக்க வேண்டும். அல்லது நட்டுக்கு அடியில் ஒரு பித்தளை வாஷர் போடலாம். போல்ட்டையும் நட்டையும் தொலைத்துவிடாதீர்கள். அதன் புரி அளவுக்கு இன்றைய கடைச் சரக்கு பொருந்தாது.

முறிவு சுத்தமாக இருந்தால் எப்பாக்ஸி பசையால் ஒட்டினாலே போதும், புதிது வேண்டாம். சில்லுகள் காணாமல் போயிருந்தால், இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து அட்டையில் உருவம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதுவே அச்சு. ஒரு அங்குலக் கனம், ஆறு அங்குல நீளம், ஐந்து அங்குல உயரமுள்ள துண்டு தேவை. இழைத்து முடிக்கும்போது கனம் ஏறக்குறைய முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கட்டும். அச்சை வைத்து வரையும்போது நார் படுக்கைவாட்டில் வருகிறதா என்று இருமுறை பாருங்கள்.

அடுத்துத் துளை. உருவத்தை வெட்டும் முன்பே, துண்டு சதுரமாக இருக்கும்போதே துளைக்க வேண்டும். இதை நாம் பட்டுத்தான் கற்றோம். முதல் முறை அழகாக வளைத்து வெட்டிய பிறகு துளையிட்டோம். பிட் சறுக்கிப் பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டது. நல்ல ஈட்டித் துண்டு ஒன்று வீண். போல்ட் போகும் கோட்டைத் துண்டின் பக்கத்தில் வரைந்து, அந்தக் கோடு செங்குத்தாக நிற்கும்படி துண்டைச் சாய்த்துப் பிடித்துத் துளைக்க வேண்டும். நட்டு உட்காரும் அகலத் துளையை முதலில் போட்டு, அதன் நடுவிலிருந்து போல்ட்டுக்கான சிறு துளையை இறக்க வேண்டும். வரிசையை மாற்றினால் அகல பிட்டுக்கு நடுப்புள்ளி கிடைக்காது. சிறு துளை போல்ட்டைவிடச் சற்று அகலமாகவே இருக்கட்டும். அடித்தகட்டில் ஒரு சிறு மேடு உண்டு. அது உட்கார அடியில் ஒரு குழியும் வேண்டும். ஐந்தாம் எண்ணிலும் அதைவிட நீளமான இழைப்புளிகளிலும் கைப்பிடியின் முன்பாதத்தில் இன்னொரு சிறு திருகாணி வரும். நான்காம் எண்ணில் வராது.

பிறகு சன்ன ரம்பத்தால் வெட்டி, முரட்டு அரத்தால் ஓரங்களை உருட்டி, உப்புத்தாள் போடுங்கள். அச்சு எப்படிச் சொன்னாலும், கடைசியில் உங்கள் உள்ளங்கை சொல்வதைக் கேளுங்கள். கை சின்னதாக இருந்தால் கழுத்தை இன்னும் சற்று ராவலாம். ஈட்டித் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகக்கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

குமிழைக் கடைசல் பட்டறையில் கொடுத்தால் அரைமணி வேலை. அதற்கு நார் செங்குத்தாக ஓட வேண்டும். பழைய குமிழ்கள் அடியில்தான் பிளக்கும். பிற்கால இழைப்புளிகளில் இதைத் தடுக்க, குமிழின் அடியைச் சுற்றி வார்ப்பிலேயே ஒரு வளையம் வைத்தார்கள். உங்களுடையதில் வளையம் இருந்தால் அதன் உள்ளளவைக் கடைசல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

மேற்பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய் இரண்டு மூன்று கை போதும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

நட்டைக் கைப்பிடி ஆடாத அளவுக்கு மட்டும் திருகுங்கள், அதற்கு மேல் இறுக்கினால் புது மரமும் பிளக்கும். மழைக்காலத்தில் செய்ததாக இருந்தால் சித்திரை வெயிலில் ஒருமுறை அசைத்துப் பார்த்து அரைத் திருகு கொடுங்கள்.