மனுவை மடித்து வைத்துவிட்டுப் பேசுங்கள்

தூத்துக்குடி திரேஸ்புரம் பக்கம் நாட்டுப்படகுக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, குறைகேட்புக் கூட்டங்களுக்கும் கூடவே போய் வருகிறவன் நான். நடுக்கடலில் காற்றோடு மல்லுக்கட்டுகிற மனிதர், மைக் கைக்கு வந்ததும் “மதிப்பிற்குரிய ஐயா அவர்களே” என்று தொடங்கி, நான் எழுதியதையே ஒப்பிப்பார். அதே தாள்தான் அதிகாரியின் மேசையிலும் இருக்கும். “சரி, அடுத்தவர்” என்று முடிந்துவிடும். மனசில் உள்ளதைப் பேசவைக்க நாங்கள் கண்ட வழிகள் இவை.

கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள். “கடலரிப்பால் வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது” என்று மனுவில் இருக்கட்டும். வாயால் சொல்ல வேண்டியது: “போன ஐப்பசியில வள்ளத்த இழுத்துப் போட்ட இடத்துல இப்போ இடுப்பளவு தண்ணி நிக்கி சார்.” பார்த்ததைச் சொல்லும்போது நாக்கு குழறாது. யாரும் குறுக்கே மறுக்கவும் முடியாது. வீட்டில் பேசுகிற தமிழே போதும்.

என்ன வேண்டும் என்பதை எண்ணிச் சொல்லுங்கள். 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி இந்த ஊர் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஊரைத் திரட்டிப் பேசினார்கள். பேச்சில் நெருப்பு இருந்தது. கோரிக்கையில் தெளிவு இருந்தது. கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற விடுப்புகள். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கோபத்தை மட்டும் கொட்டினால் ஆறுதல் வார்த்தைதான் திரும்பக் கிடைக்கும்.

துணையோடு போங்கள். உண்மையைப் பேசினால் எல்லாம் நல்லபடி முடியும் என்று தூத்துக்குடிக்காரன் எவனும் சொல்ல மாட்டான். அதே 1908 மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். ஜூலையில் சிவாவுக்குப் பத்தாண்டு, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. அந்த இரண்டு ஆயுள் தண்டனைகளில் ஒன்று, சிவாவுக்குத் துணை நின்றதற்காக விழுந்தது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் பல உயிர்கள் போயின. அதனால் பயப்படுகிறவரைக் கோழை என்று நாங்கள் சொல்வதில்லை. அவர் பேசும்போது பக்கத்தில் இரண்டு பேர் எழுந்து நிற்கிறோம். குரலில் நடுக்கம் அப்படித்தான் குறைகிறது.

பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். மீன் என்ன விலைக்குப் போனது, வீட்டில் எந்த நகை அடகில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சுற்றி வளைக்காமல் கேட்பார்கள்.

சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். பதில் வரட்டும். “எப்போ சார் முடியும்?” என்று மட்டும் கேளுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

காரியம் நடக்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதே ஆள் எழுந்து, அதையே பேச வேண்டும். முதல் தடவை ஆத்திரமே பேசவைத்துவிடும். ஒன்றும் நடக்காத பிறகு மறுபடி எழுந்து நிற்கத்தான் உண்மையில் நெஞ்சுரம் வேண்டும்.