குடில் விளக்குக்கு மின்சாரக் கணக்கு



குடிலுக்கு நிறம் மாறும் பிக்சல் விளக்குச் சரம் வாங்குமுன் கணக்குப் போடுங்கள். 5 வோல்ட் சரத்தில் விளக்கு ஒன்று முழு வெண்ணொளியில் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 200 விளக்கென்றால் 12 ஆம்பியர், அதாவது 60 வாட். சொற்பந்தானே என்று எண்ணாதீர்கள். 12 ஆம்பியரும் மெல்லிய கம்பியில் ஓடினால் கம்பி சுடும். பக்கத்திலேயே வைக்கோல் கிடக்கிறது! பவர் சப்ளையை முழுச் சக்திக்கும் வேலை வாங்கலாகாது. ஆகையால் 15 ஆம்பியருக்குக் குறையாததை வாங்குங்கள்.

கடைக்கோடிச் சம்மனசு மட்டும் மஞ்சளாய் நிற்கிறதே என்று கடைக்காரரை நோகவேண்டாம். வழியில் வோல்ட் குறைந்துவிட்டது. நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்ட் தேவை. சரத்தின் இரு முனையிலும், நடுவிலும் தடித்த கம்பியால் மின்சாரம் கொடுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் ஃபியூஸ் போடுங்கள். பவர் சப்ளை குடிலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.