ஒருசாலை மாணாக்கர்

மாபாரதத்தின் ஆதிபருவத்துள் வரும் வரலாறு இது. பரத்துவாச முனிவரின் தவச்சாலையில் இளைஞர் இருவர் ஒருங்கே பயின்றனர். ஒருவர் முனிவரின் மைந்தர் துரோணர். மற்றவன் பாஞ்சால நாட்டு இளவரசன் துருபதன். உடன் கற்றும் உடன் விளையாடியும் வளர்ந்த அவர்கள் உயிர் ஒன்றும் உடல் இரண்டுமாய் இருந்தனர். தான் அரசனாகுங்கால் தன் செல்வம் நண்பர்க்கும் உரியதாகும் என்று துருபதன் வாக்களித்தான். இளமையில் இத்தகைய வாக்கு வழங்காதார் யாவர்?

துருபதன் முடி சூடினான். துரோணரையோ வறுமை சூழ்ந்தது. ஒருநாள் அவர் மகன் அசுவத்தாமன், செல்வச் சிறுவர் பால் பருகக் கண்டு தானும் வேண்டி அழுதான். சிறுவர்கள் மாவை நீரிற் கரைத்துக் கொடுத்தனர். அதனைப் பால் என்றே நம்பிய குழந்தை, 'பால் உண்டேன்' என்று மகிழ்ந்து ஆடியது. அதனைக் கண்ட தந்தையின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! அவர் பாஞ்சாலம் நோக்கிப் புறப்பட்டார்.

அவையுட் புகுந்தவர் அரசனை 'நண்பனே' என்று விளித்தார். அச்சொல்லே துருபதனுக்குப் பொறுக்கவில்லை. நட்பு என்பது ஒத்த நிலையினரிடையேதான் உண்டு. அரசனுக்கும் வறியவனுக்கும் ஏது நட்பு என்று அவையோர் கேட்க இகழ்ந்தான். பசு ஒன்று ஈந்திருப்பினும் துரோணர் மனநிறைவோடு மீண்டிருக்கக் கூடும். பொருள் கிடையாமையினும், பழமை மறுக்கப்பட்டதே அவரைச் சுட்டது.

அத்தினாபுரம் அடைந்த துரோணர் குருகுல இளவரசர்க்கு வில்லாசிரியர் ஆனார். கல்வி முற்றியதும், துருபதனைச் சிறைப்பிடித்துக் கொணர்தலே தமக்குரிய காணிக்கை என்றார். அருச்சுனன் அவ்வாறே கொணர்ந்தான். இப்பொழுது வெற்றி துரோணர் பக்கம் நின்றது. கங்கையின் வடபால் உள்ள அகிச்சத்திர நாட்டைத் தாம் எடுத்துக்கொண்டு, தென்பால் காம்பிலியம் உள்ளிட்ட பகுதியைத் துருபதனுக்கே அளித்தார். இனி இருவரும் ஒத்த நிலையினர். ஆதலின் நண்பராகலாம் என்றார். தம்மைப் புண்படுத்திய சொல்லையே அவரும் மேற்கொண்டதை நோக்குக. முடி பெற்ற துருபதன் செய்த பிழை பெரிது. தோற்றவனை முன் நிறுத்தி நட்புப் பேசிய துரோணரின் பிழையும் சிறிதன்று.

துருபதன் அந்நட்பை நாவால் ஏற்றான், நெஞ்சால் ஏற்றிலன். துரோணரைக் கொல்லும் மகனை வேண்டி வேள்வி இயற்றினான். திட்டத்துய்மன் தோன்றினான். அவனுக்கும் படைக்கலப் பயிற்சி அளித்தவர் துரோணரே என்பது வியப்பன்றோ!

பாரதப் போரின் 15-ஆம் நாள் துருபதன் துரோணரின் அம்பால் வீழ்ந்தான். அன்றே, மகன் மாண்டான் என்ற பொய்ச்செய்தி கேட்டுப் படைக்கலம் துறந்து தேரில் அமர்ந்த துரோணரின் தலையைத் திட்டத்துய்மன் வாளாற் கொய்தான்.